"ஃபோன்லதான் எல்லாம் இருக்கே டீச்சர்!"



நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரி போட்டேன். "அத்தை பாட்டுக் கேட்க ஒரு சின்ன பிளேயர் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்லவும்." எது நல்லது என்றுதான் கேட்டேன். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை. 34 வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான். கேள்வியை ஒழுங்காகப் படிக்காமல் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். ஆனாலும் சொந்தக் குடும்பமே இப்படி எழுதும் என்று நினைக்கவில்லை. 27 பதில் வந்தது. 26 பேர் வேண்டாம் என்றார்கள். மிச்சம் ஒருவர் காலை வணக்கம் ரோஜாப்பூ போட்டிருந்தார்.

சரி, பிள்ளைகளிடம் கேட்போம் என்று பழைய மாணவர்கள் குழுவிலும் போட்டேன். அங்கேயும் அதே பாட்டுத்தான். "ஃபோன்லதான் எல்லாம் இருக்கே டீச்சர்!"

அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்னப் பத்தி என்னத்த எழுதப்போற, எழுதிக்கோ" என்றார்கள்.

அத்தை என்றால் என் மாமியார். வயது 86. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறார்கள். பகலெல்லாம் கண் அசந்துவிடுவதால் ராத்திரி தூக்கம் இல்லை. இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை கொட்டக் கொட்ட முழித்திருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் நான். பாட்டுப் போட்டால் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். பாட்டு இல்லையென்றால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "தாயி, முழிச்சிருக்கியா?" என்று கேட்பார்கள். ஆக, இதில் என் சுயநலமும் உண்டு. எனக்கும் தூங்க வேண்டும். 64 வயதாகிறது.

இப்போது ஃபோன் கதைக்கு வருகிறேன்.

ஆறு மாதமாக என் ஃபோனில்தான் போட்டுப் பார்த்தேன். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டை ஓடவிடுவேன். சுசீலா அம்மா பாடிக்கொண்டே இருப்பார். நடு இரவில் திடீரென்று ஒரு ஆள் தொண்டை கிழிய, வீடு கட்டக் கடன் வேண்டுமா என்று கத்துவான். அத்தை பதறி எழுந்து, "யாரு தாயி வந்திருக்கா?" என்பார்கள். விளம்பரம் என்று சொல்லிப் படுக்க வைப்பேன். பாட்டு முடிந்தால் அது தானாக அடுத்ததைத் தேடிக்கொள்ளும். ஏ.எம். ராஜாவில் ஆரம்பித்தது நாலாவது தாவலில் யாரோ ஒருவர் மூட்டு வலிக்கு மருந்து சொல்வதில் போய் நிற்கும். காலையில் நான் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனால் பாட்டும் என்னோடு வந்துவிடும். பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடும். ஒரு பொருளுக்கு நாங்கள் இரண்டு பேர்.

உச்சகட்டம் போன மாதம் நடந்தது. அத்தை பாட்டை நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் நிற்கவில்லை. உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கியிருக்கிறார்கள். ராத்திரி இரண்டு இருபதுக்கு எங்கள் சம்பந்திக்கு வீடியோ கால் போய்விட்டது. அவர்கள் அடித்துப் பிடித்து எடுத்துப் பார்த்தால், இருட்டில் எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றுகிறதாம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று காலைவரை அங்கே யாரும் தூங்கவில்லை. சம்பந்தியம்மா பெரிய மனசு, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குத்தான் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

விரலுக்குக் கேட்காத திரை உள்ளங்கைக்கு ஏன் கேட்டது? இதை மட்டும் பாடமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடுதிரைகள் அழுத்தத்தால் வேலை செய்வதில்லை. திரையில் ஒரு மெல்லிய மின்புலம் இருக்கிறது. மனித உடம்பு மின்சாரம் கடத்தும். விரல் பட்டதும் அந்த இடத்தில் மின்புலம் கொஞ்சம் மாறும், அதைத்தான் ஃபோன் "தொட்டார்கள்" என்று புரிந்துகொள்கிறது. தோல் வறண்டு காய்ப்புக் காய்த்துப்போன விரல் நுனியில் அந்த மாற்றம் மிகவும் குறைவு. அத்தை கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாக முப்பது வருஷத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர்கள். வீட்டுக்கு வந்தால் பெட்டி ஒட்டுவார்கள். கோவில்பட்டி பக்கம் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் எடுக்காது, கையைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள். அந்த விரலைத்தான் நீங்கள் எல்லோரும் சேர்ந்து கண்ணாடியில் வைக்கச் சொல்கிறீர்கள்.

அத்தைக்கு வேண்டியது ஒரு பொத்தான். அமுக்கினால் உள்ளே போக வேண்டும், "டிக்" என்று கைக்குத் தெரிய வேண்டும். வேறொன்றும் இல்லை.

அடுத்த வாதம், "மாசம் கொஞ்சம் பணம் கட்டுங்க, விளம்பரம் வராது." இதை ஏழு பேர் சொன்னார்கள். நல்ல வாதம் மாதிரித்தான் தெரிகிறது. மாதாமாதம் கட்டலாம், பென்ஷன் வருகிறது. ஆனால் கட்டி முடித்த பிறகு என் கையில் என்ன இருக்கிறது? வாடகை வீட்டில் கொடிக்கயிறு கட்டின கதைதான். கம்பெனிக்காரன் கடையைச் சாத்தினால் நாம் அடுக்கி வைத்ததெல்லாம் போச்சு. 2024-ஆம் வருஷத்திலேயே நம் நாட்டில் ரெஸ்ஸோ மூடினார்கள், விங்க் மூடப்போவதாக அறிவித்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வியாபாரம் என்றால் திறப்பதும் மூடுவதும் உண்டு. என் மாமியாரின் ராத்திரித் தூக்கத்தை அந்த வியாபாரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். போதாததற்கு எங்கள் வீட்டுப் பின்னறையில் சிக்னல் வந்து போகும். மழை பெய்தால் போய்விடும்.

பேரன் ஒருவன், "பேசினா பாட்டுப் போடுற ஸ்பீக்கர் வாங்குங்க ஆச்சி" என்றான். அவன் ஆசையாகத்தான் சொன்னான். கண்ணா, அதனிடம் பாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும், பாடியவர் பெயரைச் சொல்ல வேண்டும். உன் பூட்டியாச்சி எந்தப் பாட்டுக்கும் பெயர் சொல்ல மாட்டார்கள். "அந்தச் சைக்கிள்ல போற பாட்டு" என்பார்கள். "எங்க ஐயா சாகுறதுக்கு முந்தின தீவாளிக்கு வந்த பாட்டு" என்பார்கள். எந்த மெஷினுக்குப் புரியும்?

உங்கள் எல்லோருடைய பதிலிலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் நான் நல்ல மதிப்பெண் போடுவேன். 2003-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை, இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியர். "டீச்சர், மேஜை டிராயர்ல கிடக்குற பழைய ஃபோன்ல சிம்ம எடுத்துட்டு, பாட்ட ஏத்திக் குடுங்க. புதுசா ஒரு குப்பை சேராது" என்று எழுதியிருந்தான். பத்துக்கு ஏழு. பழைய ஃபோனும் சார்ஜரும் எந்த வீட்டில் கிடக்கவில்லை? அதனால் செய்தும் பார்த்தேன். ஒன்பது நாள் ஓடியது. கண்ணும் விரலும் நன்றாக இருப்பவர்களுக்கு அது போதும், நீங்கள் யாராவது உங்களுக்கென்று யோசித்தால் அதையே செய்யுங்கள். அத்தைக்குத்தான் அந்தக் கண்ணாடி விடவில்லை. ஒரு தடவை திரை பூட்டிக்கொள்ளும், ஒரு தடவை "அப்டேட் செய்யவா" என்று கேட்டுக்கொண்டு நிற்கும். பத்தாம் நாள் பார்த்தால் பாட்டரி உப்பி முதுகு மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. உப்பின பாட்டரியை யாரும் தலைமாட்டில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். அன்றைக்கே ஓரங்கட்டிவிட்டேன்.

அதே பையனே இன்னொன்றும் எழுதினான். "ஆப்பிள்காரனே ஐபாடை நிறுத்திட்டான் டீச்சர்." நிறுத்தினது உண்மைதான். 2001-இல் 1000 பாட்டு சட்டைப் பையில் என்று கொண்டுவந்தார்கள், 2022-இல் நிறுத்தினார்கள். அவர்களுக்கு ஃபோனில் லாபம் அதிகம், நிறுத்திவிட்டார்கள். அதற்கு நான் ஏன் நிறுத்த வேண்டும்? இன்னொரு பக்கமும் பாருங்கள். சரிகம கம்பெனி காரவான் என்று 5000 பழைய பாட்டை நிரப்பி, திருகுகிற குமிழ் வைத்த ஒரு பெட்டியை 2017-இல் கொண்டுவந்தது. 2017-இல் எல்லார் கையிலும் ஃபோன் இருந்தது. இருந்தும் அது நன்றாக விற்றது. யார் வாங்கினார்கள்? பெரும்பாலும் உங்களை மாதிரிப் பிள்ளைகள், அப்பா அம்மாவுக்கு. அப்போது புரிந்தது இப்போது ஏன் புரியவில்லை?

5000 என்றதும் எனக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. பாட்டுக்கு நாலு நிமிஷம் வைத்தால் 20,000 நிமிஷம். 333 மணி நேரம். குளிக்காமல் சாப்பிடாமல் கேட்டால் கிட்டத்தட்ட 14 நாள். அத்தையின் பட்டியலில் 43 பாட்டு இருக்கிறது.

ஆமாம், பட்டியல் இருக்கிறது. அங்கேதான் எனக்கும் என் நாத்தனாருக்கும் பிரச்சினை வந்தது. திருநெல்வேலியில் இருக்கிறாள், இதைப் படிப்பாள், படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவள் தன் அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்பவள். ஆபரேஷன் சமயத்தில் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் தரையில் படுத்தவள். அதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் குழுவில் அவள் போட்ட பதில் இது: "எதுக்கு மதினி வெட்டிச் செலவு? அம்மாவுக்கு இந்த வயசுல என்ன சினிமாப் பாட்டு? கந்த சஷ்டி கவசமும் நாலு அம்மன் பாட்டும் போட்டா போதும்." கீழே பதினோரு பேர் கட்டை விரல் போட்டிருந்தார்கள்.

இந்த வயசுல. இந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஆயிரம் ரூபாய்க்கோ பிளேயருக்கோ இவ்வளவு நீளம் எழுதுகிறவள் இல்லை நான்.

ராத்திரிகளில் தூக்கம் வராமல் அத்தை முணுமுணுக்கிற பாட்டையெல்லாம் மூன்று வாரமாகக் கேட்டு, ஒரு பழைய ரஃப் நோட்டில் எழுதினேன். பாதி வரிதான் வரும். "ஆரம்பம் மறந்துபோச்சு தாயி" என்பார்கள். மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து அது எந்தப் படம் என்று கண்டுபிடிப்போம். மில்லில் முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்றவர், அவருக்குக் காது மந்தம், நான் கத்திப் பாடிக் காட்ட வேண்டும். எதிர்வீட்டில் என்ன நினைத்தார்களோ. அப்படிச் சேர்ந்ததுதான் 43. அதில் சாமி பாட்டு நாலு. மிச்சம் முப்பத்தொன்பதும் சினிமாப் பாட்டு. அதிலும் பெரும்பாலும் காதல் பாட்டு. ஏ.எம். ராஜா மட்டும் பதினொன்று.

கல்யாணப் பரிசு 1959-இல் வந்தது. ஸ்ரீதரின் முதல் படம், ஏ.எம். ராஜாவே இசை. அப்போது அத்தைக்கு 20 வயது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டுத் திண்ணையில் ரேடியோ இருக்குமாம். சிலோன் வைப்பார்களாம். கை குச்சியை அடுக்கும், காது பாட்டில் இருக்குமாம். "பாட்டு ஓடுனா கட்டை கூட விழும், அதனாலதான் அவரு வச்சாரு" என்று அத்தை சொல்வார்கள். கூலி அடுக்கின கணக்குக்குத்தானே. முதலாளிக்கும் லாபம், இவர்களுக்கும் பாட்டு.

அது ஏன் சிலோன், நம்மூர் ரேடியோ இல்லையா என்று இளம்பிள்ளைகள் கேட்கலாம். 1952-இல் டெல்லியில் செய்தி ஒலிபரப்புத் துறை மந்திரியாக வந்தவர் பி.வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது, சாஸ்திரிய சங்கீதம் கேட்டால்தான் திருந்துவார்கள் என்பது அவர் எண்ணம். அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டு அடியோடு குறைந்துபோனது. ஜனங்கள் திருந்தவில்லை. முள்ளைத் திருப்பிச் சிலோனில் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் ஓடுகிற கூட்டத்தைப் பார்த்துத்தான் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித்பாரதியை ஆரம்பித்தார்கள். ஒரு மந்திரியாலேயே முடியவில்லை. நாத்தனாரே, உன்னால் முடியுமா?

கோபித்துக்கொள்ளாதே. இப்போது என் தப்பையும் சொல்கிறேன், கேள்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தது 1985. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த டேப் ரெக்கார்டர் என் சம்பளத்தில் வாங்கினது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். வெற்று கேசட் ஒன்று வாங்கி, ஒரு தாளில் வேண்டிய பாட்டை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஏழு பாட்டு. பதினாலுக்கு மேல் போகாது. அந்தப் பதினாலைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு பரீட்சைக்குக்கூடப் பட்டதில்லை. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, தாளே கிழிந்துபோகும்.

முதல் கேசட்டில் 'ஏ' பக்கம் எங்களுக்கு, 'பி' பக்கம் அத்தைக்கு என்று முடிவு செய்தேன். புது மருமகள், நல்ல பெயர் வாங்க வேண்டாமா? 'பி' பக்கத்துக்கு ஏழு சாமி பாட்டு எழுதிக் கொடுத்தேன். அத்தையைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்போது அவர்களுக்கு வயது 48. இப்போதைய என் வயதைவிடப் பதினாறு குறைவு. கேசட்டைப் போட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு தாயி" என்றார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பக்கத்தை ஓடவிடுவேன். டேப் சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றி மறுபடி போடுவேன். கேசட் தேய்ந்து இழுக்கிறவரை போட்டேன். ஒரு நாள்கூட, எனக்கு வேற பாட்டு வேணும் என்று அவர்கள் கேட்டதில்லை.

1989-இல் ஏ.எம். ராஜா நம் பக்கத்தில்தான், வள்ளியூர் ரயில் நிலையத்தில் விபத்தில் இறந்துபோனார். அன்றைக்கு ராத்திரி அத்தை சாப்பிடாமல் படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல" என்றார்கள். போன மாதம், பதினொன்றாவது ராஜா பாட்டை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அன்றைய ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். "அவரு செத்த அன்னைக்குத் தாயி" என்றார்கள். முப்பத்தாறு வருஷம் கழித்து.

அதனால் நாத்தனாரே, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ இப்போது செய்வதைத்தான் நான் 1987-இல் செய்தேன். கந்த சஷ்டி கவசம் பட்டியலில் இருக்கிறது, உன் அம்மாவே சொன்னது, முதல் எண்ணில் இருக்கிறது. மற்ற முப்பத்தொன்பதையும் ஏற்றத்தான் போகிறேன்.

இனி எதை வாங்குவது என்ற விஷயம். நம் மாணவர் ஒருவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்ஃபோன் கடை வைத்திருக்கிறார். மூன்று சாமானை வீட்டுக்கே கொண்டுவந்து ஒரு நாள் வைத்துவிட்டுப் போனார். கம்பெனிப் பெயர் எழுதமாட்டேன், நான் விளம்பரத்துக்கு ஆள் இல்லை. ஒன்று பாட்டு நிரப்பி வந்த பெரிய பெட்டி. அத்தை குமிழைத் திருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், பழைய ரேடியோ மாதிரியே இருக்கிறதாம். ஆனால் கட்டிலில் இடம் அடைக்கிறது, ஒரு கையால் தூக்க முடியவில்லை. சாயங்காலம் வாசலுக்கு வரும்போது கூட வராது. இரண்டாவது, தீப்பெட்டி அளவில் ஸ்டைலான ஒன்று. விலையைக் கேட்டு நானே கீழே வைத்துவிட்டேன். அதிலும் கண்ணாடித் திரைதான், காதில் மாட்டித்தான் கேட்க வேண்டும். காதில் மாட்டினால் எவ்வளவு சத்தம் வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. 80 டெசிபலுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டில் ஒரு மந்தக் காது போதும்.

மூன்றாவது கடைத்தெருவில் தொங்குகிற சாதாரண மெமரி கார்டு பிளேயர். உள்ளங்கை அளவு. சின்ன ஸ்பீக்கர் அதிலேயே இருக்கிறது, எஃப்.எம். இருக்கிறது, அமுக்கினால் அமுங்குகிற ஐந்து பொத்தான். நிறுத்தின இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பிக்கிறது, இதை நானே நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். வாங்குகிறவர்கள் கட்டாயம் பாருங்கள், சிலதில் ஒவ்வொரு தடவையும் முதல் பாட்டிலிருந்துதான் வரும். பின்மூடியைக் கழற்றினால் பழைய நோக்கியா பட்டன் ஃபோனில் இருந்த பிஎல்-5சி பாட்டரி. தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குப்பை சேரும் என்ற கோயம்புத்தூர் தம்பிக்கு இதுதான் என் பதில். விலை 950 ரூபாய். "பாக்க மட்டமா இருக்கேம்மா" என்றான் என் மகன், வீடியோவில் பார்த்துவிட்டு. அவன் காதுக்கு மாட்டுவது மட்டும் மூன்று ஜோடி வைத்திருக்கிறான். எதற்கு என்று யாராவது குழுவில் கேட்டோமா?

அத்தை கையில் கொடுத்தேன். கண்ணால் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் தடவி, நடுப் பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கினார்கள். நின்றது. மறுபடி அமுக்கினார்கள். பாடியது. பத்துப் பன்னிரண்டு தடவை நிறுத்தியும் ஓடவிட்டும் பார்த்தார்கள். பிறகு இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்து உள்ளே போட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டார்கள். பைக்குள்ளிருந்து பாட்டு வந்தது. பத்து நிமிஷம் கழித்து நான் கேட்டும் தரவில்லை. கடைக்காரப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பாட்டை ஏற்றுவதில்தான் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. மருமகன் முறையுள்ள ஒரு பையன், "மூவாயிரம் பாட்டு பென் டிரைவ்ல இருக்கு அத்தை, காப்பி பண்ணித் தர்றேன்" என்றான். 34 வருஷம் உங்களையெல்லாம் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதாதே என்று பெஞ்ச் மேல் நிற்க வைத்தவள் நான். அந்த ரெக்கார்டிங் சென்டர் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்டால், அதுவும் யோக்கியம் இல்லைதான். அன்றைக்குத் தெரியாமல் செய்தோம். இன்றைக்குத் தெரிந்துவிட்டது. எங்களிடம் காசு கொடுத்து வாங்கின பழைய சி.டி. கொஞ்சம் இருக்கிறது. 43-இல் 22 பாட்டு அதில் கிடைத்துவிட்டது. அதை எம்பி3-ஆக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பேரன் ஃபோனிலேயே சொல்லிக்கொடுத்தான்.

எம்பி3 என்பது ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் முன்நின்று உருவாக்கினது. கோயிலில் மேளம் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவளின் கொலுசுச் சத்தம் நம் காதில் விழுவதில்லை அல்லவா? அந்த மாதிரிக் காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதி வைப்பதுதான் அதன் சூட்சுமம். சாதாரணத் தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி. பழைய பாட்டுகள் மூன்று மூன்றரை நிமிஷம்தான். ஆக 43 பாட்டுக்கும் 150 எம்.பி. போதும். கடையில் இருப்பதிலேயே சின்ன கார்டு வாங்கினாலும் முக்கால்வாசிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும். அத்தைக்கு இன்னும் பாட்டு ஞாபகம் வந்துகொண்டிருக்கிறது. நேற்று ராத்திரி இரண்டு வந்தது, இப்போது 45.

சனிக்கிழமை காலை கடைக்குப் போய் வாங்குகிறேன். என் பென்ஷன் பணம், யாரும் ஜிபேயில் போட வேண்டாம். ஏ.எம். ராஜா, ஜிக்கி, பி.பி. ஸ்ரீனிவாஸ் பழைய அசல் சி.டி. யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் மெசஞ்சரில் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். குறிப்பாக அந்தச் சைக்கிள் பாட்டு. எங்களிடம் இருக்கும் சி.டி.யில் அந்த ஒன்று மட்டும் கீறல் விழுந்து தத்தித் தத்திப் பாடுகிறது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு ஃபோன் செய்யாதீர்கள். சனிக்கிழமை வரை அது அத்தையிடம்தான் இருக்கும்.